கத்தரி விட்டுவைத்த எண்

4.2.1980 – 7.00
1.4.1983 – 9.50
1.4.1986 – 13.00
1.7.1990 – 21.00
1.4.1993 – 28.00
8.11.1994 – 0.00

இவை ஒரு தட்டச்சுக்காரியின் நாள் கூலி. அரசுப் போக்குவரத்துத் துறையின் மண்டல அலுவலகத்தில் அவளைப் பற்றி இன்று கிடைக்கும் விவரம் இவ்வளவுதான். பணிப்பதிவேடு என்பது நிரந்தர ஊழியர்களுக்கு உரியது. அவள் பதினான்கு வருடம் ஒன்பது மாதம் வேலை பார்த்தாள், தற்காலிகமாக.

நான் அதே கூடத்தில் டிக்கெட் கட்டுகளின் இருப்பைப் பார்த்து வந்தேன். என் மேசைக்கும் அவளுடைய இயந்திரத்துக்கும் நடுவே ஒரு இரும்பு அலமாரி மட்டும்தான். அதனால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி என் காதில் விழுந்ததுதான். மற்றவை அவளே சொன்னவை.

அவளுக்கு அலுவலகம் வைத்த பெயர் கத்தரி. காரணம் இருந்தது. தொடர்ந்து இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்தவர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்று சட்டம். எங்கள் அலுவலகம் சட்டத்தை மீறவில்லை. அந்த எண்ணிக்கை வராமல் பார்த்துக்கொண்டது. எண்பத்தொன்பது நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு தற்காலிக ஊழியருக்கும் ஒரு நாள் பணி முறிவு. அன்று கூலி கிடையாது. மறுநாள் புதிதாகச் சேர்ந்ததாக ஓர் உத்தரவு. இதற்கு 'வெட்டு' என்று பெயர். வண்டி கழுவுபவர்கள், காவலாளிகள், கடைநிலை எழுத்தர்கள் என்று நாற்பத்து மூன்று பேர். யாருக்கு எந்தத் தேதியில் வெட்டு என்று பட்டியல் தயாரித்து, தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு வைப்பது அவள் வேலை. அந்த நாற்பத்து மூன்றில் அவளும் ஒருத்தி. தன் பெயரையும் தேதி தவறாமல் அடித்தாள்.

"எனக்கே நான் வெட்டு அடிச்சுக்கறேன், உனக்கென்ன?" என்பாள், யாராவது முனகினால். அதற்கு மேல் யாருக்கும் வாய் வராது. ஒல்லியான உடம்பு, இறுக்கிப் போட்ட கொண்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. காலையில் அவள் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு பணிமனைப் பக்கம் இறங்கினால், வண்டியடியில் படுத்திருப்பவன் கூட எழுந்து உட்காருவான். வெட்டு வாங்கியவனைப் பார்த்து, "நாளைக்கு வீட்ல இருந்து பொண்டாட்டி முகத்த நல்லாப் பாத்துக்க" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் கூடச் சேர்ந்து சிரித்தவர்கள் உண்டு. அவர்கள் எல்லாரும் நிரந்தர ஊழியர்கள்.

வண்டி கழுவும் ஒருவனை எல்லாரும் குழாய் என்று கூப்பிடுவார்கள். நாள் முழுக்கக் கையில் தண்ணீர்க் குழாயோடு நிற்பவன். 1988-இல் ஒரு நாள் அவன் ஈரக் காலோடு மாடிக்கு வந்தான். மனைவி மருத்துவமனையில், குறைமாதக் குழந்தை. வேலை நிரந்தரம் என்றால் கடன் தருவதாக மாமனார் சொல்லியிருக்கிறார். இரண்டே இரண்டு தடவை தன் பெயரை விட்டுவிட்டால் இருநூற்று நாற்பது தாண்டிவிடும் என்று கெஞ்சினான். தான் வந்ததும் போனதும் யாருக்குத் தெரியும், பெயர் விட்டுப்போனதாக இருக்கட்டும் என்றான்.

அவள் இயந்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "லிஸ்ட்ல இருக்கிறதுதான் நடந்தது. நீ வந்ததும் போனதும் எவன் கண்ணுக்கும் தெரியாது. போய் வண்டியக் கழுவு."

அதோடு விடவில்லை. இப்படி ஒருவன் கேட்டான் என்று அப்போதைய மேலாளருக்கு ஒரு குறிப்பும் வைத்தாள். அவனுக்கு ஒரு நாளுக்குப் பதில் ஏழு நாள் வெட்டு விழுந்தது. அந்த உத்தரவையும் அவளே அடித்தாள். குழந்தை தங்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம். அன்று மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போனாள்.

அவளுடைய இன்னொரு கெட்டிக்காரத்தனத்தையும் சொல்ல வேண்டும். அலுவலகத்திலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு கடிதத்துக்கும், உத்தரவுக்கும் அனுப்புகைப் பதிவேட்டில் வரிசை எண் உண்டு. சில உத்தரவுகளை முன்தேதியிட்டுப் போட வேண்டியிருக்கும். ஓட்டுநர் விபத்து செய்த பிறகு, விபத்துக்கு முந்தைய நாளில் அவருக்கு எச்சரிக்கை கொடுத்ததாக ஒரு காகிதம் வேண்டும், இப்படி. அதற்காக அவள் தினமும் மாலையில் கடைசிக் கடிதத்துக்குப் பிறகு ஓர் எண்ணைக் காலியாக விட்டுவிட்டுத்தான் பதிவேட்டை மூடுவாள். எந்த மேலாளர் எந்தத் தேதியைக் கேட்டாலும் எண் தயாராக இருக்கும். மற்ற மண்டலங்களில் இதற்காகப் பதிவேட்டின் பக்கத்தையே கிழித்து மாற்றி எழுதி, மாட்டிக்கொண்டு விழிப்பார்கள். எங்கள் மண்டலத்தில் கணக்குத் தணிக்கைக்கு வந்தவர் ஒருமுறை, "உங்க பதிவேட்டப் பாத்தா கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கும்மா" என்றார். அதை அவள் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா போன பிறகு தம்பியைப் படிக்கவைத்து, துணிக்கடையில் சேர்த்துவிட்டு, அவனுக்குக் கல்யாணமும் செய்துவைத்தாள். இரண்டு அறை வாடகை வீடு. வாடகை அவள் கொடுப்பது. முன்னறையில் ஜன்னலோரக் கட்டில் அவளுடையது. தம்பி மனைவிக்கு நாக்கு கொஞ்சம் நீளம். விருந்தாளிகள் முன்னால், "எங்க அண்ணிக்கு அரசாங்க வேலை. நிரந்தரந்தான், நாளைக்கு" என்பாளாம். இதை அவளே என்னிடம் சொல்லிச் சிரித்தாள். ஆனால் மாதாமாதம் கூலி வாங்கும் நாளில் அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஐம்பத்தெட்டு வயதுக்குள் நிரந்தரமானால் ஓய்வூதியம் உண்டு. இல்லாவிட்டால் தம்பி வீட்டுச் சோறு. அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஓய்வூதியம் ஒன்றுதான்.

1.3.1994 அன்று, அவளுடைய ஒரு வெட்டுக்கு மறுநாள், காகிதத்தில் ஒரு மாற்றம் நடந்தது. கீழே இருந்த பணிமனையின் கணக்கில் வந்த தட்டச்சர் இடத்தை மாடியில் இருந்த மண்டல அலுவலகத்தின் கணக்குக்கு மாற்றினார்கள். அவள் உட்கார்ந்த நாற்காலி ஓர் அங்குலம் கூட நகரவில்லை. பணிமனை வெட்டுப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தாள். மண்டலப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இரண்டு பட்டியலையும் அடிப்பவள் அவள். எதையும் இரண்டு தடவை கேட்டுத் தெளிவு செய்துகொள்ளும் பழக்கம் உள்ளவள், இதைக் கேட்கவில்லை.

மே மாதக் கடைசியில் அவளுக்கு வெட்டு வரவேண்டும். வரவில்லை. ஜூலையில் ஒரு நாள் தேநீர் இடைவேளையில் அலமாரிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"அண்ணே, நீங்க பாத்துட்டீங்க. எனக்குத் தெரியும். வாயத் திறந்துடாதீங்க."

நான் திறக்கவில்லை. ஆகஸ்டிலும் வெட்டு வரவில்லை. அவள் யாரிடமும் சண்டை போடவில்லை, யாரையும் கிண்டல் செய்யவில்லை. காய்ச்சலிலும் வந்தாள். செப்டம்பரில் மாடிப்படியில் சறுக்கி விழுந்து கணுக்கால் வீங்கியது; தம்பியின் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து வந்து, ஒற்றைக் காலில் ஏறினாள். பெண் எழுத்தர்கள், கத்தரிக்குத் திடீரென்று வேலை மேல் காதல் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அக்டோபர் 26 அன்று இருநூற்று நாற்பது முடிந்தது. 28-ஆம் தேதி தன்னை நிரந்தரமாக்கக் கோரி ஒரு பக்க மனு கொடுத்தாள். அப்போதைய மேலாளரை நாங்கள் மெத்தை என்போம். குரல் உயராது, யாரையும் திட்ட மாட்டார், எல்லாரையும் 'அம்மா', 'அப்பா' என்பார். மனுவைப் படித்துவிட்டு, தகுதியானவர்தான், மேலிடத்துக்கு எழுதிவிடுகிறேன் என்று சொன்னாராம். அவள் அன்று கூடத்தில் எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தாள். பதினான்கு வருடத்தில் முதல் தடவை.

நவம்பர் 7, திங்கட்கிழமை. மெத்தை தன் அறையிலிருந்து வெளியே வந்து அவள் இயந்திரத்தின் அருகே நின்றார். அந்த வாரம் ஓட்டுநர் ஒருவரின் விசாரணைக்காக வேறு சில முன்தேதி உத்தரவுகளும் போக வேண்டியிருந்தன. காலையிலேயே இரண்டு அடித்திருந்தாள்.

"ஏம்மா, போன மாசம் பதினாலாம் தேதிக்கு நம்பர் ஏதாச்சும் இருக்கா?"

"இருக்கு சார். நானூத்திப் பதினேழு."

பதிவேட்டைத் திறந்து கூடப் பார்க்கவில்லை. கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"நல்லது. ஒரு ஆர்டர், மூணு காப்பி."

அவள் தாள்களுக்கு நடுவே கார்பன் வைத்துச் சுருட்டி ஏற்றினாள். அவர் நின்றபடியே சொல்லச் சொல்ல அடித்தாள். எண் 417, நாள் 14.10.1994. பொருள்: தற்காலிகப் பணியாளர், ஒரு நாள் பணி முறிவு. கீழ்க்கண்ட பணியாளருக்கு இன்றைய தேதியில் என்று ஒரு வரி. அடுத்த வரியில் அவர் அவளுடைய பெயரைச் சொன்னார்.

இயந்திரம் நின்றது.

"அடிம்மா. உன் பேருக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லணுமா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டாள். பிறகு அடித்தாள். ஓர் எழுத்தும் பிசகவில்லை. தாள்களை உருவி, கார்பனைப் பிரித்து, மூன்றையும் தட்டிச் சீர்செய்து அவர் கையில் கொடுத்தாள். ஏன் அடித்தாள் என்று அன்று மாலையே கேட்டேன். "மாட்டேன்னா நாளைக்கு வேலை இருக்காதேண்ணே" என்றாள்.

மறுநாள் காலை, கையெழுத்துப் போடும் தாளில் அவள் பெயர் இல்லை. அவள் நாற்காலியில் இருபது வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மெத்தை வெளியே வந்து, இடம் குறைத்துவிட்டார்கள், தன் கையில் என்ன இருக்கிறது என்று வருத்தப்பட்டார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. "அக்கா, இதுல ரிப்பன் எப்படி மாத்தறது?" என்று கேட்டாள். அவள் குனிந்து ரிப்பனை மாற்றிக் கொடுத்து, கையில் ஒட்டிய மையை அந்தப் பெண் நீட்டிய துணியில் துடைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாள். அவள் நிரூபிக்க வேண்டியது ஒன்றே: அக்டோபர் 14 அன்று வேலைக்கு வந்திருந்தாள் என்பது. வருகைத் தாளை மாற்றி எழுதிவிட்டார்கள். மெத்தை தேதியைப் பார்த்துத்தான் எடுத்திருந்தார். அன்று முன்னாள் மேலாளர் ஒருவரின் சாவுக்கு அலுவலகத்தில் பெரும்பாலோர் போயிருந்தார்கள். நான் டிக்கெட் கட்டு எடுக்க அச்சகத்துக்குப் போயிருந்தேன். காலையிலிருந்து மாலை வரை அங்கேதான். கூடத்தில் இருந்தவர்கள் அவளும் உதிரிப்பாக எழுத்தரும். அவருக்கு ஓய்வு பெற ஒரு வருடம் பாக்கி. எதுவும் ஞாபகம் இல்லை என்றார். மீதி இருந்தது வாசல் காவல். 1993-லிருந்து வாசலில் நின்றவன் குழாய்.

அவனைப் பார்க்கப் போனபோது என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள். வாசலை ஒட்டிய தகரக் கொட்டகை. அவன் எழுந்து, அவளுக்குத் தன் முக்காலியைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. அன்று காலை தனக்குக் கதவைத் திறந்துவிட்டவன் அவன்தான், அதை மட்டும் வந்து சொன்னால் போதும் என்றாள்.

"தொறந்து விட்டேன்க்கா. கால் நொண்டி வந்தீங்க. கையப் புடிச்சு படி வரைக்கும் கூட்டிட்டுப் போனேன்."

"அத வந்து சொல்லுப்பா."

"எங்கக்கா சொல்றது? லிஸ்ட்ல இருக்கிறதுதான் நடந்ததுன்னு நீங்கதானே சொன்னீங்க. நீங்க வந்ததும் போனதும் எவன் கண்ணுக்கும் தெரியாது."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. பாடம் ஒப்பிப்பதைப் போலச் சொன்னான். பிறகு ஒரு வண்டி வந்தது, கதவைத் திறக்கப் போனான். அவள் அவன் திரும்பி வரும்வரை நின்றாள். அவன் திரும்பி வந்து, "வெயில்ல நிக்காதீங்கக்கா" என்று மட்டும் சொன்னான்.

வழக்கு ஐந்தாவது வருடத்தில் விசாரணைக்கு வந்தது. அதற்குள் முன்னறையில் தம்பியின் மகளுக்கு மேசை போட்டார்கள். அவளுடைய ஜன்னலோரக் கட்டில் குளியலறையை ஒட்டிய நடைக்குப் போனது. நீதிமன்ற வாசலில் ஒரு நகல் கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். கிடைத்ததைத் தம்பி மனைவியிடம் கொடுப்பாள். வாங்கியவள் எண்ணிப் பார்த்துவிட்டு, "இதுல அண்ணி சோப்புக் காசும் சேத்தியா?" என்பாளாம்.

22.6.1999 அன்று கூண்டில் ஏறினாள். துறையின் வழக்கறிஞர் அந்த உத்தரவைக் காட்டி, இதை அடித்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றாள். இது பொய்யான உத்தரவா என்று கேட்டார். பொய்தான் என்றாள்.

"பொய்னு தெரிஞ்சேதான் அடிச்சீங்களா?"

அவளுடைய வழக்கறிஞர் எழுந்திருக்கவில்லை. அவர் வேறு ஒரு கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொன்னால் வெட்டு உண்மையாகிவிடும். தெரியும் என்று சொன்னால் பொய்க் காகிதம் தயாரித்தவள் ஆவாள்.

"தெரிஞ்சுதான் அடிச்சேன்."

"இது மாதிரி முன்தேதி போட்டு இதுக்கு முன்னாடியும் அடிச்சிருக்கீங்களா?"

"அதுதான் சார் என் வேலை."

பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நீதிபதியும் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். நவம்பர் 12 அன்று தீர்ப்பு. பொய் ஆவணம் தயாரிப்பதே தன் தொழில் என்று தானே சொல்பவரின் வாய்மொழியை நம்பி எந்த நிவாரணமும் தர இயலாது என்று தள்ளுபடி செய்தார்கள். தீர்ப்பின் நகலை அவள் வேலை பார்த்த கடையிலேயே எடுத்தாள். முதலாளி கூலியில் பிடித்துக்கொண்டார்.

2003 ஜூலை முதல் தேதி அரசு ஒரு பொது உத்தரவு போட்டது. பத்து வருடம் பணி முடித்த தற்காலிக ஊழியர் எல்லாரும் நிரந்தரம். நடுவில் விழுந்த பணி முறிவுகளைக் கணக்கில் கொள்ள வேண்டாம். எங்கள் மண்டலத்தில் அவள் வெட்டு அடித்தவர்கள், வேலையில் மிஞ்சியிருந்தவர்கள், அத்தனை பேரும் நிரந்தரமானார்கள். குழாயும்தான். நான் அப்போது ஓய்வு பெற்றிருந்தேன். செய்தியை அவளிடம் கொண்டுபோனது நான்.

அவள் நடையில் கட்டில் மேல் உட்கார்ந்து கேட்டாள். பதினான்கு வருடம் ஒன்பது மாதம் தனக்கும் இருக்கிறது என்றாள். ஐம்பத்தெட்டு முடிய இன்னும் ஆறு மாதம் இருந்தது. கடை இயந்திரத்தில் நான்கு பக்க மனு அடித்து, ஆகஸ்ட் 11 அன்று தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். பரிசீலனையில் உள்ளது என்று செப்டம்பரில் ஒரு பதில் வந்தது. நவம்பரில் அதே வாசகத்தோடு இன்னொன்று. தம்பி மனைவியின் போக்கு அந்த மாதங்களில் மாறியிருந்தது. கட்டிலை மறுபடி முன்னறைக்கு இழுத்துப் போட்டாள். "அண்ணி, ஓய்வூதியம் வந்தா முதல்ல ஒரு ஃபேன் வாங்கணும்" என்று என் எதிரிலேயே சொன்னாள்.

ஜனவரி 2 அன்று அவளுக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது. சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மனு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"இனிமே சீக்கிரம் பதில் வந்துடும்ண்ணே. அவங்க காத்துக்கிட்டிருந்தது வந்துடுச்சு."

"என்ன வந்துடுச்சு?"

"என் வயசு."

கை நிற்கவில்லை. கோப்பினை எப்படிக் கிடப்பில் போடுவது, எந்தத் தேதி தாண்டியதும் எடுத்து முடித்துவைப்பது என்று ஒரு பிரிவு எழுத்தர் செய்வதை அடுக்கடுக்காகச் சொன்னாள். "நானா இருந்தாலும் அப்படித்தாண்ணே செஞ்சிருப்பேன்" என்றாள். தம்பி மனைவி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. அடுத்த முறை நான் போனபோது கட்டில் நடையில் இருந்தது.

பதில் இரண்டு வரி. மனுதாரர் ஓய்வு வயதைக் கடந்துவிட்டதால் நிரந்தரம் கோரும் மனு முடித்துவைக்கப்படுகிறது. இது குறித்து மேற்கொண்டு எந்தக் கடிதமும் ஏற்கப்படாது. தபாலை வாங்கியது தம்பி மனைவி. பிரித்துப் படித்துவிட்டு, அடுப்படியிலிருந்தே நடைக்கு எட்டும்படி உரக்க வாசித்திருக்கிறாள். அந்தக் கடிதம் 19.3.2004 அன்று வந்தது.